கோடை இடி, ஆலங்கட்டி, சூறைக்காற்று: கேள்வி பதில்

ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் மேற்கு மாவட்டங்களில் திரளும் கோடை மழை பற்றி வந்த கேள்விகள் இவை.

ஓசூரிலிருந்து: மழைக்கு முன்பே காற்று மரங்களைச் சாய்த்துவிடுகிறதே, ஏன் ஐயா?

மேகத்திலிருந்து விழும் மழையில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிறது, ஆலங்கட்டியும் உருகுகிறது. இரண்டும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகின்றன. குளிர்ந்து கனத்த அந்தக் காற்று கீழே இறங்கித் தரையில் மோதி, மழையை முந்திக்கொண்டு நாற்புறமும் பாய்கிறது. அனலடிக்கும் பிற்பகலில் திடீரென்று சில்லென்ற காற்று புழுதியோடு வீசினால் அப்போதே உள்ளே போய்விடுங்கள். தூறல் விழட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சத்தியமங்கலத்திலிருந்து: ஆடு மேய்க்கையில் இடி இடித்தால் எங்களுக்குப் புளியமரத்தடிதான். வேறு எங்கே போவது?

அந்த மரத்தடி மட்டும் வேண்டாம் அம்மா. மரத்தில் இறங்கும் மின்னல் அருகில் நிற்பவர் மேல் தாவும், தரை வழியாகவும் பரவும். இடி காதில் விழுந்தாலே நீங்கள் மின்னல் எட்டும் தொலைவில்தான் இருக்கிறீர்கள். ஆகவே வானம் கறுக்கும்போதே ஆடுகளை ஊர்ப்பக்கம் ஓட்டுங்கள். நான்கு சுவரும் உறுதியான கூரையும் உள்ள வீடு, பள்ளி எதுவானாலும் சரி. திறந்த கொட்டகை காக்காது. வழியில் மாட்டிக்கொண்டால் மேட்டிலிருந்து இறங்கி, தனிமரத்தையும் கம்பிவேலியையும் குளத்தையும் விட்டு விலகுங்கள். கூட ஆள் இருந்தால் தள்ளித் தள்ளி நில்லுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வரவேண்டும். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி, சுற்றுவட்டாரத்தில் விழும் மின்னலைக் காட்டும். பிள்ளைகளிடம் சொல்லிக் கைபேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கோபியிலிருந்து: காற்று கிளம்பியதும் வாழைக்கு முட்டுக் கொடுக்க ஓடலாமா?

கூடாது. குலை தள்ளும்போதே கொடுத்திருக்கவேண்டிய முட்டு அது. வாழை போனால் மறுபடி நடலாம்.

ஆலங்கட்டி ஆளைக் கொல்லுமா? காரில் இருந்தால்?

கொல்லும். 1888 ஏப்ரல் 30 அன்று மொராதாபாத்தில் ஆலங்கட்டி மழைக்கு 246 பேர் பலியானார்கள். காரை மரம், மின்கம்பம், விளம்பரப் பலகை இல்லாத இடத்தில் ஓரமாக நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். மின்னலிலிருந்து காப்பது டயர் அல்ல, காரின் உலோகக் கூடு. பைக்கில் அந்தக் காப்பு இல்லை.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்குமா?

அடிக்காது. இந்தப் பயத்தால் எத்தனை பேர் எட்டி நிற்கிறார்கள் என்று நினைத்தாலே மனம் பதறுகிறது. அவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. 108ஐ அழையுங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். அறுந்த மின்கம்பி அவர் மேல் கிடந்தால் மட்டும், மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும் வரை கிட்டே போகாதீர்கள்.