மிர்ரியின் முகம் (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

பின்லாந்து ஓவியர் ட்யூக்கோ சல்லினென் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அவருடைய படங்களைத் தேடிப் பார்த்தேன். 'சலவைப் பெண்கள்' எனக்குப் பிடிக்கவில்லை. உழைக்கும் பெண்களின் முகங்களை வேண்டுமென்றே கோரமாக்கியிருக்கிறார். பிறகு அவருடைய மணவாழ்க்கையைப் பற்றிப் படித்தபோது வெறுப்பே வந்துவிட்டது. பெற்ற குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்தவரை ஏன் கொண்டாடுகிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். முதலாவதில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டாவது என்னைச் சுட்டது.

'சலவைப் பெண்கள்' 1911-இல் வரையப்பட்டது. பின்லாந்து அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் பின்னிய ஓவியர் காலன்-கல்லெலா தங்கள் நாட்டுக் காவியமான கலேவலாவிலிருந்து சுவரோவியங்கள் தீட்டி, 'நாங்கள் ஒரு தனி இனம்' என்று உலகுக்குக் காட்டியிருந்தார். வீரர்கள், ஏரிகள், கம்பீரமான முகங்கள் என்று தேசம் தன்னைப் பார்க்கப் பழகியிருந்த காலம் அது. பின்னியர்கள் மங்கோலிய வழிவந்த தாழ்ந்த இனம் என்று ஐரோப்பிய இனக்கோட்பாடுகள் இழிவுபடுத்திக்கொண்டிருந்ததால் அந்தக் கம்பீரம் அவர்களுக்குத் தேவையாகவும் இருந்தது. அங்கேதான் சல்லினென் தடித்த வண்ணத்தில், கரடுமுரடான கோடுகளில், அகன்ற கன்ன எலும்புகளோடு இரண்டு சலவைக்காரப் பெண்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். நம் மக்களை அவமதிக்கிறான் என்று கொதித்தார்கள். நீங்கள் 'கோரம்' என்று எழுதியதும் ஏறக்குறைய அதைத்தான்.

அவர் அந்த மக்களை வெளியிலிருந்து பார்த்தவர் அல்ல. 1879-இல் கிழக்குப் பின்லாந்தின் நூர்மெஸில் ஒரு தையற்காரருக்குப் பிறந்தார். வீட்டில் கடுமையான ஒரு கிறித்தவப் பிரிவின் ஒழுங்கு நிலவியது. பதின்வயதில் வீட்டைவிட்டு ஓடி, ஸ்வீடனில் ஊர் ஊராகத் துணி தைத்துத் திரிந்த பிறகுதான் ஹெல்சிங்கியில் ஓவியம் படிக்கப் போனார். 1909-இல் பாரிஸில் 'காட்டு விலங்குகள்' (ஃபோவ்கள்) என்று பெயர் வாங்கிய ஓவியர்களின் கலப்பில்லாத, பளிச்சென்ற வண்ணங்களைப் பார்த்தார். அந்த வண்ணங்களை எடுத்துவந்து தன் ஊர் முகங்களின்மேல் பூசினார். தான் வளர்ந்த சூழலையே 1918-இல் 'ஹிஹ்ஹுலித்' என்று வரைந்தார். பின்னிய மொழியில் அது ஆவேச வழிபாட்டுக்காரர்களைக் குறிக்கும் ஏளனச் சொல். உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டு அது. மங்கிய பழுப்பில் நெருக்கியடித்துப் பரவசத்தில் கிடக்கும் அந்த மனிதர்களை ஏளனத்தோடு என்னால் பார்க்க முடியவில்லை. அந்த அறையின் மூச்சுமுட்டலைச் சிறுவயதில் அனுபவித்தவர் வரைந்த படம் அது. நவம்பர் குழு என்று அறியப்பட்ட ஓவியர்களுக்கு அவர் தலைமகனாக இருந்ததற்கு இந்த நெருக்கமே காரணம் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஹெல்மி வர்த்தியைனென் ஓவியம் பயின்றவர். சல்லினெனை 1909-இல் மணந்தார். சல்லினென் அவளுக்கு வைத்த செல்லப்பெயர் மிர்ரி, அதாவது பூனைக்குட்டி. அந்தப் பெயரிலேயே அவளை மீண்டும் மீண்டும் வரைந்தார். தடித்த உதடுகள், சப்பையான மூக்கு, எரியும் சிவப்பு. அந்த முகங்கள்தான் அவருக்குப் புகழைக் கொடுத்தன. வீட்டிலோ வன்முறை இருந்தது. மூத்த மகளைச் சல்லினென் டென்மார்க்கில் இருந்த தன் சகோதரியிடம் கொண்டுபோய் விட்டுவிட்டார். ஹெல்மியின் தூரிகை ஒதுங்கிப்போனது.

இதை 'மேதையின் கொந்தளிப்பு' என்று சொல்லிக் கடந்துபோகும் எழுத்துகளை நானும் வாசித்திருக்கிறேன். அது பொய். கொந்தளிப்பு அவருடையதாக இருக்கலாம். விலை கொடுத்தவள் வேறொருத்தி. ஆனாலும் படங்களைத் திருப்பி வைக்க என்னால் முடியவில்லை. அவற்றைத் திருப்பினால் அவளுடைய முகமும் சுவரைப் பார்த்து நின்றுவிடும். மிர்ரி படங்களில் அந்தக் கண்களைப் பாருங்கள். வரைபவன் எவ்வளவு சிதைத்தாலும் அவை நேராகப் பார்க்கின்றன. மாடலாக உட்கார்ந்திருப்பவள் வண்ணமும் கோடும் அறிந்தவள் என்பதை மறக்காமல் பாருங்கள். நான் இத்தனை ஆண்டுகள் அப்படிப் பார்க்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த பிறகு என் கட்டுரையைத் திறந்து படித்தேன். அதில் ஏழு இடங்களில் 'மிர்ரி' என்று எழுதியிருக்கிறேன். ஹெல்மி என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை, அவர் ஓவியம் பயின்றவர் என்ற குறிப்பும் இல்லை. நேற்றிரவு இரண்டையும் சேர்த்துவிட்டேன்.