கிணற்றுக்குப் பயந்தவள் கடலில் முகம் புதைக்கலாமா?

தமிழக-கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"எனக்கு வயது 47. கொச்சியில் வேலை பார்க்கும் மகன் ஜனவரியில் எங்களை லட்சத்தீவின் அகத்திக்கு அழைத்துப் போகிறான். அங்கே ஸ்நார்கெலிங் செய்தே தீர வேண்டும் என்று பிடிவாதம். எனக்கு நீச்சல் என்றால் சின்ன வயதில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு வாய்க்காலில் காலை உதைத்ததுதான். ஒரு தடவை குளத்துப் படியில் வழுக்கி விழுந்து தண்ணீர் குடித்தேன். அதிலிருந்து மூக்கில் தண்ணீர் பட்டாலே படபடப்பு. வீட்டுக்காரர் கிணற்றில் குதித்து வளர்ந்தவர். 'நீ கரையில உக்காந்து செருப்பப் பாத்துக்க' என்று கிண்டல் செய்கிறார். நான் இறங்கலாமா அக்கா?"

இறங்கலாம் தங்கச்சி. ஆனால் முதல் தடவை இறங்குவது அகத்திக் கடலாக இருக்கக் கூடாது. இந்த மாதமே உங்கள் வீட்டு முற்றத்தில் ஆரம்பித்துவிடுங்கள்.

உங்கள் பயம் நீச்சலைப் பற்றியது இல்லை. மூக்கில் தண்ணீர் ஏறுவதைப் பற்றியது. ஸ்நார்கெலிங்கில் கை வீசி நீந்தும் வேலை மிகக் குறைவு. குப்புற மிதந்து, வாயில் கவ்விய குழாய் வழியாக மூச்சு விட்டபடி கீழே பார்த்துக்கொண்டிருப்பதுதான் அது. உடம்பை லைஃப் ஜாக்கெட் தாங்கிக்கொள்ளும். கடல் தண்ணீர் குளத்துத் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், அதுவும் தன் பங்குக்குத் தூக்கிக் கொடுக்கும். மீதி இருப்பது மூச்சு ஒன்றுதான்.

அந்தமானில் நான் முதல் தடவை இறங்கியபோது இடுப்பளவுத் தண்ணீரிலேயே திணறிப் போனேன். மாஸ்க் கண்ணோடு மூக்கையும் சேர்த்து மூடிவிடும். நானோ பழக்கதோஷத்தில் மூக்கால் இழுக்கிறேன். காற்று வரவில்லை, மாஸ்க் முகத்தில் அப்பிக்கொள்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மஞ்சள் மீன் நிதானமாகப் போனது, அதைப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. கூட வந்த நம்மூர்ப் பையன், "வாயால விடுங்கக்கா, மூக்கை மறந்துடுங்க" என்றான். முன்தினமே இதை யாராவது சொல்லியிருந்தால் ஒரு நாள் வீணாகியிருக்காது.

குழாயில் இன்னொரு விஷயம் உண்டு. நாம் வெளியே விடும் காற்றில் கொஞ்சம் அதற்குள்ளேயே நின்றுவிடும். படபடப்பில் நாய் இளைப்பது போலக் குட்டிக் குட்டியாக மூச்சு வாங்கினால், அந்தப் பழைய காற்றையேதான் திரும்ப இழுப்போம். மூச்சு போதவில்லை என்று தோன்றும். இன்னும் வேகமாக இழுப்போம். பதற்றம் இப்படித்தான் பெருகுகிறது. பால் பொங்கும்போது ஊதுவோமே, அதுபோல நீளமாக, முழுசாக வெளியே விடுங்கள். உள்ளே இழுப்பது தானாக நடக்கும்.

மகனிடம் சொல்லி மாஸ்க்கும் குழாயும் முன்கூட்டியே வாங்குங்கள். பட்டையைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுத்துப் பாருங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கு ஆனது. நீச்சல் கண்ணாடி இதற்கு உதவாது, மூக்கை மூடாது. முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்கும் விற்கிறார்கள், மூக்காலும் மூச்சு விடலாம் என்பார்கள். பயந்தவர்களுக்கு ஆசையாகத்தான் இருக்கும். எனக்கு அதில் சம்மதமில்லை. உள்ளே தண்ணீர் புகுந்தால் சாதாரணக் குழாயைப் போலத் துப்பிவிட்டு மூச்சு வாங்க முடியாது, மொத்தத்தையும் முகத்திலிருந்து பிய்த்தெடுக்க வேண்டும். மட்டமான தயாரிப்பென்றால் விட்ட காற்றும் உள்ளேயே சுற்றும்.

முதல் இரண்டு மூன்று நாள் தண்ணீரே வேண்டாம். இரண்டையும் மாட்டிக்கொண்டு ஒரு சீரியல் முழுக்கப் பாருங்கள். வீட்டில் சிரிக்கட்டும். அப்புறம் அகலமான அண்டாவில் தண்ணீர் நிரப்பி, ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மட்டும் வைத்து மெதுவாக இருபது மூச்சு எண்ணுங்கள். பழகியதும் வேண்டுமென்றே மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள். தலையை லேசாக நிமிர்த்தி, மாஸ்க்கின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் ஊதுங்கள். தண்ணீர் கீழ்ப்பக்கமாக வெளியேறிவிடும். குழாயில் தண்ணீர் புகுந்தால் 'தூ' என்று ஒரே ஊது. இந்த இரண்டும் கைவந்துவிட்டால் உங்கள் பயத்தில் பாதிக்கு மேல் அண்டாவிலேயே கரைந்துவிடும்.

அடுத்து, படிக்கட்டு உள்ள குளத்தில் இடுப்பளவு ஆழத்தில், பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு செய்யுங்கள். சித்தூர்ப் புழை ஆறு வேண்டாம். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் நமக்குச் சொல்லிக்கொண்டா வரும்?

உங்களைவிட உங்கள் வீட்டுக்காரரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். கிணற்றுக்கு நான்கு பக்கமும் சுவர் உண்டு, தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடல் அப்படியில்லை, மீனைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது சத்தமில்லாமல் ஆளை நகர்த்திவிடும். கிணற்றில் வளர்ந்தவர்கள் மூச்சுப் பிடித்து முங்கிக் காட்டுவார்கள். அதற்காக முன்னால் வேகவேகமாக மூச்சு இழுத்து விடுவார்கள். அதனால் நெஞ்சில் காற்று ஒன்றும் கூடிவிடாது. இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூச்சு வேண்டும் என்ற தவிப்பு தள்ளிப்போகும், அவ்வளவே. தவிப்பு வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்துகிறவர்களும் இப்படிப் போயிருக்கிறார்கள். ஆகவே அவருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டு, முங்கல் கிடையாது. பிரஷர் மாத்திரை போடுகிறவரோ இதயக் கோளாறு உள்ளவரோ என்றால் கிளம்பும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். மீசை வைத்திருக்கிறாரா? அந்த மயிர் வழியாக மாஸ்க்குக்குள் தண்ணீர் கசியும். மூக்குக்கு நேர் கீழே ஒரு கோடு மழித்தால் போதும். மாட்டேன் என்றால் செருப்பை அவரே பார்த்துக்கொள்ளட்டும்!

அகத்தி உங்களுக்குத் தோதான இடம். தீவை ஒட்டி, பவளத்திட்டு வேலி போட்டது போலத் தடுத்து வைத்திருக்கும் ஆழமில்லாத கடல் இருக்கிறது. லகூன் என்பார்கள். அலை வேலிக்கு வெளியே உடையும். பச்சை ஆமைகள் கடற்புல் மேய்வதைப் பார்க்கலாம். வேலியைத் தாண்டினால் திடீர் ஆழம், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். வழிகாட்டியிடம் முதல் வார்த்தையாக, "எனக்குப் பயம், நீச்சல் சரியாக வராது" என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் பேசும் ஜெசரி மலையாளத்துக்குச் சொந்தம்தான், நம் எல்லைப்புற மலையாளத்தை வைத்துச் சமாளித்துவிடுவீர்கள். மிதவை வளையம் ஒன்று கேளுங்கள். அதைப் பிடித்தபடி முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்தால் அவரே இழுத்துப் போவார். கூச்சம் வேண்டாம், நான் அப்படித்தான் போனேன்.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டதும் தோள்பட்டையில் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் தளர்வு, இறுக்க வேண்டும். தண்ணீரில் மனசு கலைந்தால் தலையைத் தூக்கி, குழாயைத் துப்பி, மல்லாந்து படுத்துவிடுங்கள். ஜாக்கெட் தாங்கும். கையை உயர்த்தினால் ஆள் வருவார். படகிலிருந்து குதிக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள், கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். தண்ணீருக்குள் எல்லாம் பக்கத்தில் இருப்பது போலவும், நிஜத்தைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். விரல் நீள மீனைப் பார்த்துப் பதற வேண்டாம்.

சுடிதார் தண்ணீரைக் குடித்துக் காலைச் சுற்றும். லெகிங்ஸும் முழுக்கை டீ-ஷர்ட்டும் போதும், முதுகு வெயிலில் வெந்து போகாமலும் காக்கும். காலடியில் கல் போலத் தெரிவது உயிருள்ள பவளமாக இருக்கும். அதில் நிற்காதீர்கள், காலையும் கிழிக்கும். ஞாபகத்துக்கு என்று ஒரு துண்டு எடுத்து வந்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். 1998லும் 2010லும் 2016லும் கடல் சூடேறி அங்கே நிறையப் பவளம் வெளுத்துப் போனது. அதனால் சுற்றுலா விளம்பரத்தில் காட்டும் அத்தனை வண்ணத்தையும் எதிர்பார்க்க வேண்டாம்.

விமானமா கப்பலா என்று நீங்கள் எழுதவில்லை. கப்பலென்றால் ஒரு ராத்திரி அதிலேயே கழியும். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.