தீட்டாத கத்தி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

கருவிகளைப் பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எனக்கு மடக்குக் கத்திகள் மேல் பெரும் பித்து. டி2, 14சி28என், எஸ்35விஎன், எம்390 ஆகிய எஃகுகளில் கத்திகள் வைத்திருக்கிறேன். அடுத்து மேக்னாகட் எஃகில் ஒன்று வாங்க நினைக்கிறேன். எல்லா எஃகுகளுக்கும் ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன். கூர் நிற்பது, முறியாமல் தாங்குவது, துருப்பிடிக்காதது, தீட்ட எளிது என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை மதிப்பெண். கூர் நிற்பதில் எம்390தான் முதலிடம். ஆனால் என் எம்390 கத்தி சில அட்டைப்பெட்டிகளை வெட்டியதுமே மழுங்கிவிட்டது. இருப்பதிலேயே மலிவான 14சி28என் இன்னும் காகிதத்தைச் சுத்தமாக வெட்டுகிறது. அட்டவணை தவறா, நிறுவனம் ஏமாற்றிவிட்டதா? உங்களுக்குப் பிடித்த எஃகு எது? மேக்னாகட் பற்றிச் சொல்வதெல்லாம் உண்மையா, விளம்பரமா? இனி பவுடர் எஃகு மட்டும்தான் வாங்க வேண்டுமா?

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். எந்தக் கத்தியையும் நான் இதுவரை தீட்டியதில்லை. கம்பெனி போட்டுக் கொடுத்த கூரைக் கெடுத்துவிடுவேனோ என்று பயம்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

சொல்ல மறந்து கடைசியில் சேர்த்தீர்களே, அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். எஃகின் பெயரைச் சொன்னால் அதில் கார்பன் எவ்வளவு, வெனேடியம் எவ்வளவு என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்களைக் கொஞ்ச காலமாகவே அதிகம் சந்திக்கிறேன். கையில் ஒரு சாணைக்கல்லைக் கொடுத்தால் பின்வாங்கிவிடுகிறார்கள். இது என்னை உறுத்திக்கொண்டே இருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. உங்கள் அட்டவணையை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. ஒரு பொருளை அவ்வளவு அக்கறையாக ஆராய்கிற மனம் எல்லோருக்கும் வாய்க்காது. அந்த அக்கறை கத்தியின் வாய்க்குப் போகாமல் தாளிலேயே நின்றுவிட்டதே என்றுதான் வருத்தம்.

எனக்குப் பிடித்த எஃகு எது என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அதைத் தெரிந்துகொண்டு நீங்கள் செய்யப்போவது ஒன்றுமில்லை. நிறுவனம் ஏமாற்றியதா என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு இன்னும் வரவில்லை. எப்போது வரும் என்று கடைசியில் சொல்கிறேன்.

மேக்னாகட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேசலாம், ஏனென்றால் அது நிஜமாகவே அழகான வேலை. லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து 2021இல் வெளிவந்தது. அதில் குரோமியம் ஏறத்தாழ 10.7 சதவீதம்தான். உங்கள் டி2இல் சுமார் 12 சதவீதம். அப்படியிருந்தும் டி2 துருப்பிடிக்கும், மேக்னாகட் அவ்வளவு எளிதில் பிடிக்காது. டி2இல் கார்பன் 1.5 சதவீதம். அந்தக் கார்பன் குரோமியத்தைப் பிடித்து இழுத்துக் கார்பைடு என்ற கடினமான துகள்களாகக் கட்டிவைத்துவிடுகிறது. கட்டுண்ட குரோமியம் துருவைத் தடுக்காது. எஃகுக்குள் கரைந்து விடுதலையாக இருக்கும் குரோமியம்தான் தடுக்கும். மேக்னாகட்டில் கார்பனைக் குறைத்து, அதை வெனேடியத்தோடும் நியோபியத்தோடும் சேரவிட்டு, குரோமியத்தை முழுக்கக் கரைசலிலேயே தங்கவைத்தார் தாமஸ். கார்பைடுகளும் சிறியவையாக அமைந்தன, அதனால் எளிதில் முறிவதில்லை. ஆகவே உண்மைதான், விளம்பரம் அல்ல. ஆனால் தம்பி, தீட்டத் தெரியாதவர் கையில் அதுவும் உங்கள் எம்390 போன வழியில்தான் போகும்.

எஃகின் பெயர் சொல்வது என்ன கலந்திருக்கிறது என்பதை மட்டும்தான். நல்ல குரல் இருப்பவரெல்லாம் பாடகர் ஆகிவிடுவதில்லை, எஃகும் அப்படித்தான். எந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனார்கள், எவ்வளவு வேகமாகக் குளிரவைத்தார்கள், பிறகு எந்தச் சூட்டில் பதப்படுத்தினார்கள் என்பதெல்லாம் பெயரில் இல்லை. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்ற உலோகவியலாளர் 12.8 சதவீதக் குரோமியம் போட்டுத் துருப்பிடிக்காத எஃகை வார்த்தபோது, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அந்த ஊர்க் கத்திக்காரர்களே அவரைக் கேலி செய்தார்கள். பழைய கார்பன் எஃகுக்குப் பழகிய சூட்டிலேயே புதியதையும் அடித்தார்கள், தோய்த்தார்கள். அதற்கு வேறு சூடு வேண்டும் என்று கை பழகப் பல காலம் பிடித்தது. உங்கள் எம்390இல் குரோமியம் 20 சதவீதம், கார்பன் 1.9 சதவீதம். எஃகின் கடினத்தை ராக்வெல் என்ற அளவுகோலில் அளப்பார்கள். அதை 60, 61 ராக்வெல்லுக்குக் கொண்டுபோனால் ஒரு கத்தி. தேய்த்து மெருகிட எளிது என்று 58க்குக் கீழே நிறுத்தினால் முற்றிலும் வேறொரு கத்தி. அலகில் பொறித்திருக்கும் பெயர் இரண்டிலும் ஒன்றே.

உங்கள் அட்டவணையின் முதல் நிரல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? ஷெஃபீல்டில் காட்ரா என்ற ஆய்வமைப்பின் இயந்திரம் ஒன்று இருக்கிறது. சிலிக்கா கலந்த அட்டைக் கட்டு அலகின் வாயில் அழுந்தியிருக்க, அலகு முன்னும் பின்னும் ஓடும். மொத்தம் எவ்வளவு அட்டை அறுபட்டது என்று கணக்கெடுப்பார்கள். எஃகுகளை ஒப்பிடும்போது கோணத்தையும் தீட்டும் முறையையும் ஒன்றுபோல வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் ஒப்பீட்டுக்கே பொருளில்லை. அந்த எண்கள் நேர்மையானவை. ஆனால் உங்கள் நான்கு கத்திகளும் அப்படி ஒன்றுபோலவா இருக்கின்றன? அலகு கூராகச் சரியத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே கனத்தை அளந்து பார்த்தீர்களா? ஒன்றில் 0.3 மில்லிமீட்டர் இருக்கும், இன்னொன்றில் 0.6 இருக்கும். ஒன்று பக்கத்துக்கு 15 டிகிரியில் தீட்டியிருக்கும், மற்றது 22 டிகிரியில். கனத்த வாய் அட்டைக்குள் ஆப்பு அடிப்பதுபோல் நுழையும். நீங்கள் அழுத்துவீர்கள், அலகு திரும்பும், வாய் மடங்கும். மெல்லிய வாய் அழுத்தமே கேட்காது. உங்கள் மலிவான 14சி28என் வெல்வதற்கு இதுவே போதும். 0.62 சதவீதக் கார்பனும் 14 சதவீதக் குரோமியமும் கொஞ்சம் நைட்ரஜனும் உள்ள எளிய எஃகு அது. நுண்ணிய கார்பைடுகள், அதனால் மெல்லிய வாயைத் தாங்கும்.

இப்போது கம்பெனிக் கூருக்கு வருகிறேன். கெடுத்துவிடுவேனோ என்று நீங்கள் பயப்படும் அந்தப் பொக்கிஷத்துக்கு.

தொழிற்சாலையில் ஓர் அலகின் வாயைத் தீட்ட ஒருவருக்குக் கிடைப்பது மிகக் கொஞ்ச நேரம். வேகமாகச் சுழலும் பெல்ட்டில் ஒரு பக்கம், மறுபக்கம், பிறகு மெருகுச் சக்கரத்தில் ஓர் இழுப்பு. பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. வாயின் நுனியில் உலோகத்தின் கனம் மைக்ரான் கணக்கில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் இருக்கும். அங்கே ஏறும் சூடு கண்ணுக்குத் தெரியாது, நிறம்கூட மாறியிருக்காது. ஆனால் உலையில் அரும்பாடுபட்டு ஏற்றிய பதம் அந்த நுனியில் மட்டும் இறங்கிவிட வாய்ப்புண்டு. அதைவிட மோசமானது பிசிறு. ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கம் ஒரு நூலிழை உலோகம் புரண்டு நிற்கும். அதை முழுக்க எடுக்காமல் மெருகிட்டுவிட்டால் நேராக நிமிர்ந்து நிற்கும். அந்த இழை கையில் உள்ள மயிரை மழிக்கும், காகிதத்தை வெட்டும், பெட்டியைத் திறந்தவரை மயக்கும். அட்டையைக் கண்டதும் ஒடிந்து உதிரும். உதிர்ந்த இடத்தில் மிஞ்சுவது மொண்ணை விளிம்பு. நீங்கள் எம்390ஐச் சோதிக்கவே இல்லை, ர. அதன் மேல் ஒட்டியிருந்த பிசிறைச் சோதித்துவிட்டு ஓர் எஃகுக்கே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இத்தனை படித்தவர் கத்தியின் வாயைக் குனிந்து ஒருமுறை பார்த்திருக்க வேண்டாமா? விளக்கு வெளிச்சத்தில் வாயை நேராகப் பிடித்தால் போதும். மழுங்கிய இடம் வெள்ளையாக மின்னும், கூரான இடத்தில் ஒன்றுமே தெரியாது. இதற்கு உருப்பெருக்கி வேண்டாம், ஆய்வகம் வேண்டாம்.

என் அப்பா ஒட்டுக் கட்டுபவர். வேர்ச்செடியையும் ஒட்டுக்குச்சியையும் சாய்வாகச் சீவி, தோலுக்கு அடியிலிருக்கும் பச்சை அடுக்குகள் இரண்டும் தொட்டுக்கொள்ளும்படி பொருத்திக் கட்ட வேண்டும். சீவிய பரப்பில் ஒரு நார் பிசிறினாலும் இடைவெளி விழும், ஒட்டு காய்ந்துபோகும். அவர் கத்தி மடக்குக் கத்திதான். சாதாரண கார்பன் எஃகு, ஒரு பக்கம் மட்டும் சரிவு, மறுபக்கம் தட்டை. மரச்சாறு பட்டுப் பட்டு அலகு முழுக்க நீலமும் சாம்பலுமாகக் கறுத்திருக்கும். சில வெட்டுகளுக்கு ஒருமுறை தோல் வாரில் இழுப்பார், பேசிக்கொண்டே இழுப்பார், கண் செடியில் இருக்கும். மாலையில் துடைத்து எண்ணெய் தொட்டு மடக்குவார்.

யாரோ ஒருவர் அவருக்கு டி2 எஃகில் ஓர் ஒட்டுக்கத்தி பரிசளித்தார். தீட்டவே வேண்டாம், மாதக்கணக்கில் கூர் நிற்கும் என்று சொல்லித் தந்தார். அப்பா அதை மறுக்கவில்லை. முறையாகத் தீட்டி, பல நாள் அதிலேயே வேலை செய்தார். பிறகு துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் பழையதை எடுத்தார். ஏன் என்று கேட்டேன். “இது காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே மாதிரிதான் வெட்டுது. ஆனா என் கத்தி வாரில் இழுத்ததும் வெட்டுற மாதிரி இது ஒரு தடவகூட வெட்டலம்மா” என்றார்.

அவருக்குக் கார்பைடு என்ற சொல்லே தெரியாது. ஆனால் அவர் கை அறிந்தது அதைத்தான். சாதாரண முறையில் வார்த்த டி2இல் குரோமியம் கார்பைடுகள் 20 மைக்ரானையும் தாண்டி வளர்ந்திருக்கும். நன்றாகத் தீட்டிய வாயின் நுனியோ ஒரு மைக்ரானுக்கும் கீழே. அந்த மெல்லிய நுனியில் அவ்வளவு பெரிய துகள் உட்கார இடமேது? உதிரும், அல்லது துருத்திக்கொண்டு நிற்கும். அட்டையும் கயிறும் அறுக்க அந்தக் கரடு நல்லதே, பல்லைப் போல இழுத்து அறுக்கும். ஒட்டுக்குச்சியைச் சீவ உதவாது. கூர்மை என்பது ஒன்று, கூர் நிற்பது என்பது இன்னொன்று. உங்கள் அட்டவணையில் இரண்டாவதுக்கு இடம் இருக்கிறது, முதலாவதுக்கு இல்லை. எந்த எஃகு எவ்வளவு கூர் ஏறும், எவ்வளவு மெல்லிய வாயைத் தாங்கும் என்று நீங்கள் எங்கும் கேட்கவில்லை. தீட்டாதவருக்கு அந்தக் கேள்வி எழ வழியே இல்லை.

பவுடர் எஃகு இந்தச் சிக்கலில் பாதியைத் தீர்த்தது. உருகிய எஃகை வாயு பீய்ச்சித் துளிகளாகச் சிதறடித்தால் அவை நொடியில் உறையும், கார்பைடு வளர நேரமிருக்காது. அந்தத் துளிகளைக் கலனில் அடைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்குகிறார்கள். உங்கள் எஸ்35விஎன்னும் எம்390உம் அப்படி வந்தவைதான். வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் பவுடர் எஃகு மட்டும்தான் என்று விரதம் எடுக்காதீர்கள்.

இனி வேலை. எம்390ஐ எடுங்கள். இரண்டு பக்கச் சரிவிலும் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். 600 கிரிட் (கல்லின் நுண்மையைச் சொல்லும் எண்) வைரக் கல் வாங்குங்கள். எம்390இல் இருக்கும் வெனேடியம் கார்பைடு சாதாரணக் கல்லில் உள்ள அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானது. வைரமும் கியூபிக் போரான் நைட்ரைடும்தான் அதை ஒழுங்காகத் தேய்க்கும். தண்ணீர் தொட்டு, மெதுவாக, அலகின் எடையோடு கொஞ்சமே அழுத்தம் சேர்த்துத் தள்ளுங்கள். மை எங்கே அழிகிறது என்று பாருங்கள். மேலே மட்டும் அழிந்தால் கத்தியை மிகவும் படுக்கவைத்திருக்கிறீர்கள், நுனியில் மட்டும் அழிந்தால் மிகவும் நிமிர்த்தியிருக்கிறீர்கள். சரிவு முழுக்க ஒரே சீராக அழியும்வரை கையைத் திருத்துங்கள். கைப்பிடியை ஒட்டிய குதிகாலிலிருந்து முனைவரை பிசிறு புரள்வது விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். பிறகு பக்கம் மாற்றுங்கள். கடைசியில் பக்கத்துக்கு ஓர் இழுப்பாக, இறகு தொடுவதைவிட லேசாக மாற்றி மாற்றி இழுத்துப் பிசிறை எடுங்கள். ஒரு மைக்ரான் வைரப் பசை தடவிய தோலில் சில இழுப்புகள். அவசரம் வேண்டாம். முதல் தடவை பக்கவாட்டில் கீறல் விழும். விழட்டும், கத்தி வேலைக்குத்தானே.

இப்படி மூன்று முறை தீட்டுங்கள். தொழிற்சாலை சுட்ட உலோகம் அதற்குள் போய்விடும், அடியிலிருக்கும் எஃகு வெளியே வரும். 14சி28என்னையும் அதே கோணத்தில் அதே கல்லில் தீட்டி, அதே அட்டையை இரண்டாலும் வெட்டுங்கள். அப்போதும் எம்390 முன்னால் மழுங்கினால், ஒன்று அதன் வாய் கனம், அல்லது பதம் மென்மை. கனத்தை அளந்து எனக்கு எழுதுங்கள். கனம் 0.4 மில்லிமீட்டருக்குள் இருந்தும் வாய் உதிராமல் மடங்குகிறது என்றால் பதம்தான் குறை. அப்போது நிறுவனத்துக்கு எழுதும் உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. எத்தனை ராக்வெல்லில் நிறுத்தினீர்கள் என்று நேராகக் கேளுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள்.