கூரைக் கரியர் சின்ன விஷயம்தானா?

கேள்வி: ஐயா, எனது வேகன் ஆர் காருக்கு முழுக் காப்புறுதி இருக்கிறது. காப்புறுதியைப் புதுப்பித்த பிறகு நாலு அலோய் ரிம், கூரையில் ஒரு கரியர், முன்னால் ஒரு எல்ஈடி லைட் போட்டேன். சீசனில் சில நாள் வெள்ளைக்காரரின் சர்ஃப் போர்டுகளையும் ஏற்றிக்கொண்டு போவேன். இந்தச் சின்னச் சாமான்களை எல்லாம் கம்பனிக்குச் சொல்ல வேண்டுமா? சொன்னால் கட்டணத்தைக் கூட்டிவிடுவார்களே.
— வாசகர் ஒருவர், பொத்துவில்

பதில்: சொல்லத்தான் வேண்டும் தம்பி.

ரிம்மைச் சொல்லாவிட்டால் நட்டம் உங்களுக்கு. கம்பனியின் கணக்கில் இருப்பது காரோடு வந்த இரும்பு ரிம். மோதி உடைந்தால் அதன் விலையைத்தான் தரப் பார்ப்பார்கள். பில்லைக் கொடுத்து, காப்புறுதித் தொகையில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். லைட் எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கிறதென்றால், கம்பனி சம்மதித்தாலும் பொலிஸ் விடாது. அதைக் கழற்றிவிடுங்கள்.

எனக்குப் பயம் கரியரில்தான். அதையும் விட, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரியில். பீனட் ஃபார்ம், விஸ்கி பொயின்ட் போன்ற சர்ஃப் கடற்கரைகளுக்குப் போர்டையும் ஆளையும் ஏற்றிப் போகக் காசு வாங்குகிறீர்களா? வாங்கினால் அது ஹயர். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, ‘பயன்பாடு’ என்ற இடத்தைப் பாருங்கள். ‘தனிப்பட்ட பாவனை’ என்று இருந்தால் அந்த ஓட்டத்துக்குக் காப்பு இல்லை.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு 22 வருடம் வாகன நட்ட மதிப்பீட்டாளராக வேலை செய்தேன். ஒருமுறை வாகரைப் பக்கம் கவிழ்ந்த வான் ஒன்றைப் பார்க்கப் போனேன். தனிப்பட்ட பாவனை என்று பதிந்த வான். கூரையில் கரியர், கரியர் நிறையப் பயணப்பைகள். உள்ளே இருந்தவர்கள் தாங்கள் கூலி பேசி வந்ததாகப் பொலிசில் சொல்லியிருந்தார்கள். அந்த அறிக்கையை எழுதியது நான்தான். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. ஓடாத வானுக்கு அந்த மனிதர் இரண்டு வருடம் லீசிங் கட்டினார். ஹயர் ஓடுவதாக முதலே சொல்லியிருந்தால் கொஞ்சம் கூடுதல் கட்டணத்தோடு முடிந்திருக்கும். இன்றைக்கும் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

‘அவர்கள் கேட்கவில்லையே’ என்று சொல்லித் தப்ப முடியாது. உங்கள் காரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது கம்பனிக்குத் தெரியாது. ஆகவே ஏற்பதா, என்ன கட்டணம் என்ற முடிவை மாற்றக்கூடியதை நீங்களாகவே சொல்ல வேண்டும். 1766ல் இங்கிலாந்தில் மான்ஸ்பீல்ட் பிரபு ஒரு கோட்டைக் காப்புறுதி வழக்கில் சொன்ன இந்த நியாயத்தில்தான் காப்புறுதிச் சட்டம் வளர்ந்தது.

ஏஜெண்டிடம் ஃபோனில் சொல்லி, அவர் ‘பரவாயில்லை அண்ணன்’ என்றால் அதோடு விடாதீர்கள். அந்தப் பேச்சு ஃபைலில் இருக்காது. படங்களுடன் ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். கரியர் எந்தத் திகதியில் பூட்டியது, என்ன ஏற்றுகிறீர்கள், காசுக்கா சும்மாவா எல்லாம் அதில் இருக்கட்டும். பத்திரத்தில் திருத்தம் சேர்த்து எழுத்தில் தரச் சொல்லுங்கள். கார் லீசிங்கில் இருந்தால் அந்தக் கம்பனிக்கும் ஒரு பிரதி போகட்டும்.

திருத்தம் கைக்கு வரும்வரை காசுக்கு ஒரு போர்டும் ஏற்றாதீர்கள் தம்பி. சீசன் ஓட்டம் நாலைந்து போனாலும் பரவாயில்லை.