தினம் 200 கேள்வி போட்டும் 130ஐத் தாண்டவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூர் எனக்குச் சொந்த ஊர். ஜார்ஜியாவில் மருத்துவம் முடித்துவிட்டு எஃப்.எம்.ஜி.இ. (வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் மருத்துவராகப் பதிவு பெற எழுதும் தகுதித் தேர்வு) டிசம்பர் அமர்வுக்குத் தயாராகிறேன். தினமும் பஸ் பிடித்துப் புதுச்சேரி போய், ஒரு படிப்பகத்தில் உட்கார்ந்து 200 கேள்வி போடுகிறேன். விளக்கத்தையும் பார்க்கிறேன். ஆனால் இரண்டு மாதமாக மாக் டெஸ்டில் (மாதிரித் தேர்வில்) 300க்கு 125, 130 என்றே நிற்கிறது. நேரமும் போதவில்லை, கடைசிப் பத்துக் கேள்வியை அவசரத்தில் தட்டிவிடுகிறேன். கேள்வி எண்ணிக்கையை இன்னும் கூட்டட்டுமா?

பதில்: கூட்ட வேண்டாம். பாதியாகக் குறையுங்கள்.

கணக்கைப் பாருங்கள். கேள்விக்கு ஒரு நிமிடம் என்றால் 200 கேள்வி போடவே 3 மணி 20 நிமிடம். ஒவ்வொன்றையும் ஒழுங்காக அலச இரண்டு நிமிடம் வைத்தால் இன்னும் 6 மணி 40 நிமிடம். மொத்தம் பத்து மணி நேரம். பஸ்ஸில் போய்வரும் உங்களுக்கு இது நடக்கிற காரியமில்லை. அதனால் விளக்கத்தின் மேல் கண் ஓடுகிறது, "ஓ, இதுவா" என்று தோன்றுகிறது, அடுத்ததற்குப் போய்விடுகிறீர்கள். அப்படித் தோன்றியது எதுவும் மூன்று வாரம் கழித்துத் தேர்வறையில் கைகொடுக்காது. 100 கேள்வி என்றால் போடவும் அலசவும் ஐந்து மணி நேரத்தில் முடியும். மிச்ச நேரம் பாடம் படிக்க இருக்கும்.

அந்த 100ஐயும் ஒரே மூச்சில் போடாமல் 50, 50 ஆகப் போடுங்கள். எஃப்.எம்.ஜி.இ.யில் மொத்தம் 300 கேள்விகள், இரண்டு பகுதி, பகுதிக்கு 150 கேள்வி, 150 நிமிடம். இப்போது ஒவ்வொரு பகுதியும் நேரக்கட்டுப்பாடுள்ள பிரிவுகளாக நடக்கிறது. ஒரு பிரிவின் நேரம் முடிந்தால் அதற்குள் திரும்பப் போக முடியாது, முன்கூட்டியே முடித்தாலும் அடுத்ததைத் திறக்க முடியாது. ஆகவே 50 கேள்வி, 50 நிமிடம் என்பதே உங்கள் அளவாக இருக்கட்டும். விண்ணப்பிக்கும்போது உங்கள் அமர்வுக்கான தகவல் குறிப்பேட்டில் பிரிவு அமைப்பை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் போதாமல் போவதற்குக் காரணம், நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்று நினைத்துக்கொண்டே வரிசையாகப் போவதுதான். முதல் சுற்றைக் கேள்விக்கு 45 நொடி என்று 38 நிமிடத்தில் முடிக்கப் பழகுங்கள். திரையில் மீதி நேரம்தான் தெரியும் என்பதால் மூன்று இடங்களை மனதில் வையுங்கள்: மீதி 38 நிமிடம் இருக்கும்போது 16ஆவது கேள்வி முடிந்திருக்க வேண்டும், மீதி 25இல் 33ஆவது, மீதி 12இல் 50ஆவது. அந்த 12 நிமிடம் குறித்து வைத்துவிட்டு வந்த கேள்விகளுக்கு.

எதைக் குறித்துவிட்டு நகர வேண்டும்? கணக்கு வரும் கேள்விகள் முதலில். சென்சிட்டிவிட்டி 90 சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டி 80 சதவீதம், 1000 பேரில் 100 பேருக்கு நோய், பாசிட்டிவ் பிரெடிக்டிவ் வேல்யூ (சோதனையில் பாசிட்டிவ் வந்தவர்களில் உண்மையிலேயே நோயுள்ளவர்களின் சதவீதம்) என்ன? கட்டம் போட்டால் உண்மையான பாசிட்டிவ் 90, தவறான பாசிட்டிவ் 180, ஆக 270இல் 90, அதாவது 33 சதவீதம். சுலபம்தான், ஆனால் ஒன்றரை நிமிடம் தின்னும். அந்த நேரத்தில் இரண்டு நேரடிக் கேள்வியை முடித்துவிடலாம். குறித்துவிட்டு நகரும்போதும் ஏதாவது ஒரு விடையைத் தட்டிவிட்டே நகருங்கள். இந்தத் தேர்வில் நெகட்டிவ் மார்க் கிடையாது, வெற்றிடம் விடுவது வெறும் நஷ்டம். (முதுநிலை மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.யில் தவறுக்கு ஒரு மதிப்பெண் போகும். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.)

இனி அலசல். மதிப்பெண் ஏறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

விடை தட்டும்போதே கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தாளில் குறியிடுங்கள்: உறுதியாகத் தெரியும், இரண்டில் ஒன்று, குருட்டாம்போக்கு. விடைத்தாளைத் திறந்ததும் "உறுதி" என்று குறித்துத் தவறிப்போனவற்றை முதலில் எடுங்கள். அவை தலைக்குள் தப்பாகப் பதிந்தவை. திருத்தாவிட்டால் தேர்விலும் அதே நம்பிக்கையோடு அதே தப்பைச் செய்வீர்கள். அடுத்து, குருட்டாம்போக்கில் சரியானவை. இவற்றை யாருமே திரும்பிப் பார்ப்பதில்லை, மாக் மதிப்பெண் ஏறி இறங்குவதற்கு இவை பெரிய காரணம். பிறகு "இரண்டில் ஒன்று". சுத்தமாகத் தெரியாதவை கடைசியில் வரட்டும், அவற்றுக்கு மருந்து பாடப்புத்தகம்தான்.

ஒரு கேள்வியை எப்படி அலசுவது? மாதிரிக்கு ஒன்று. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுகிறார். கொஞ்ச நேரத்தில் இமை இறங்குகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை. உடம்பில் எங்கும் வீக்கம் இல்லை. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்க்கும் சோதனையில் அது உறைந்துவிட்டது. எந்தப் பாம்பு? நீங்கள் நல்ல பாம்பு என்று தட்டுகிறீர்கள், விடை கட்டுவிரியன். "கட்டுவிரியன்" என்று எழுதிவிட்டு நகர்ந்தால் ஒரு பயனும் இல்லை. எந்தச் சொல் விடையைத் தீர்மானித்தது? தரையில் தூக்கம், விடிகாலை வயிற்றுவலி, வீக்கம் இல்லாதது. அடுத்து, எந்த வரி மாறினால் நீங்கள் தட்டிய விடை சரியாகியிருக்கும்? கடிவாயில் வலியும் வீக்கமும் இருந்து இமையும் இறங்கியிருந்தால் நல்ல பாம்பு. அதற்கு நியோஸ்டிக்மின் என்ற மருந்து கேட்கும். கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையின் முன்பக்கத்தைத் தாக்குவதால் பெரும்பாலும் கேட்காது. இமை இறங்கியும் ரத்தம் உறையவில்லை என்றால் கண்ணாடிவிரியனை நினைக்க வேண்டும். ஒரு கேள்வியை அலசியதில் மூன்று கேள்விக்கு விடை சேர்ந்துவிட்டது.

இதை நோட்டில் ஒரே வரியில் எழுதுங்கள்: "இமை இறக்கம், வீக்கம் இல்லை, உறைவு சரி: கட்டுவிரியன். வீக்கம் இருந்தால் நல்ல பாம்பு. உறையாவிட்டால் கண்ணாடிவிரியன்." ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காதீர்கள். போனில் ஆயிரக்கணக்கில் சேரும், ஒன்றையும் திரும்பத் திறக்க மாட்டீர்கள். அந்த வரிகளை மறுநாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் என்று பாருங்கள், விடைப் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு. கடலூர்–புதுச்சேரி பஸ் இதற்கு நல்ல நேரம். புதுக் கேள்வி போட அது தோதுப்படாது. தவறிய கேள்விகளை மறுநாளே திரும்பப் போட வேண்டாம், கேள்வியின் முகம் நினைவிருந்தே விடை வந்துவிடும். மூன்று வாரம் போகட்டும்.

வாரக் கடைசியில் தப்புகளை எண்ணுங்கள். தெரியாததா, இரண்டில் குழம்பியதா, "தவிர", "அடுத்து முதலில் செய்ய வேண்டியது" போன்ற சொல்லைக் கவனிக்காததா, சரியாகத் தட்டிவிட்டுப் பிறகு மாற்றியதா? கடைசி இரண்டும் அதிகமென்றால் இன்னும் படித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கேள்வியின் கடைசி வரியை முதலில் படிப்பதும், கேள்வியில் தவறவிட்ட ஒரு சொல் கண்ணில் பட்டாலொழிய விடையை மாற்றாமலிருப்பதும்தான் மருந்து.

130இலிருந்து தேர்ச்சிக்கான 150க்கு எங்கே போவது? மாக் டெஸ்டில் 175 வந்தால் நிம்மதியாக இருக்கலாம். கண் 15, காது மூக்கு தொண்டை 15, தடயவியல் 10, மனநலம், தோல், மயக்கவியல், எலும்பு, ரேடியோடயக்னோசிஸ், ரேடியோதெரபி தலா 5: சேர்த்தால் 70 மதிப்பெண், படிக்க வேண்டிய பக்கமோ குறைவு. கம்யூனிட்டி மெடிசின் (சமூக மருத்துவம்) மட்டும் 30. வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இந்தியத் தேசிய நலத்திட்டங்கள் வகுப்பில் வந்திருக்காது, அந்த ஓட்டையை முதலில் அடைத்துவிடுங்கள்.

தடயவியல், கம்யூனிட்டி மெடிசின் இரண்டிலும் பழைய கேள்வி வங்கியின் விடையை நம்பிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா அமலில் இருக்கிறது: கொலைக்கான தண்டனை 302இலிருந்து 103க்கும், கவனக்குறைவால் மரணம் 304ஏயிலிருந்து 106க்கும், சந்தேக மரணத்தில் நடக்கும் போலீஸ் விசாரணை (இன்குவெஸ்ட்) பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174இலிருந்து புதிய நடைமுறைச் சட்டத்தின் 194க்கும் போய்விட்டது. தடுப்பூசி அட்டவணையில் ஊசிவழி போலியோ மருந்துக்கு 6, 14 வாரம் என்று மட்டும் போட்டிருந்தால் அது பழசு. 2023 முதல் 9ஆம் மாதத்திலும் ஒன்று உண்டு.

கடைசி எட்டு வாரம் பாடவாரியாகப் போடுவதை நிறுத்திக் கலந்து போடுங்கள், ஏனென்றால் தேர்வில் எது எந்தப் பாடம் என்று எழுதியிருக்காது. ஞாயிறுதோறும் காலையில் 150, மதியச் சாப்பாட்டுக்குப் பின் 150 என்று முழு மாக். சோற்றுக்குப் பிறகு வரும் மந்தத்தையும் அப்படித்தான் பழக முடியும். திங்கள் முழுக்க அலசலுக்கே, புதுக் கேள்வி வேண்டாம். கடைசி முழு மாக் தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் முடியட்டும், அதன்பின் நோட்டு மட்டும்.

உங்கள் தயாரிப்பின் கடைசி மாதங்கள் மழைக்காலத்தில் வருகின்றன. 2011இல் தானே, 2024இல் ஃபெஞ்சல் என்று நம் கரையைத் தாக்கிய புயல்கள் நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் வந்தவை. கரண்டும் நெட்டும் நாள்கணக்கில் போகலாம். அக்டோபருக்குள் குறைந்தது 1000 கேள்வியை ஆப்பில் ஆஃப்லைனாக இறக்கி வையுங்கள், பவர் பேங்க் ஒன்று வாங்குங்கள், தப்பு நோட்டைத் தாளில் எழுதுங்கள். தேர்வு மையம் வெளியூர் என்றால் முதல்நாள் மதியமே அந்த ஊருக்குப் போய்த் தங்கிவிடுங்கள்.