மழை பெய்தால் கன்வர்ட்டிபிள் காருக்குள் (கூரையை மடக்கித் திறக்கும் கார்) தண்ணீர் இறங்குகிறது. மெக்கானிக் சொல்வதுபோல் கூரையையே மாற்ற வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் பட்டன. ஒன்று, மழை பெய்த மறுநாள்தான் பயணி பக்கத்தில் கால் வைக்கும் இடம் நனைந்து கிடக்கிறது. இரண்டு, வளைவில் திரும்பும்போது சீட்டுக்குப் பின்னால் எங்கோ தண்ணீர் சளசளக்கிறது. கூரைத் துணி ஒழுகினால் மழை பெய்யும்போதே தலையிலோ மடியிலோ சொட்டும். உங்கள் காரில் தண்ணீர் எங்கோ தேங்கி நின்று, பிறகு மெல்ல வழிந்து முன்னால் வருகிறது. தேங்கும் இடத்தைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

நான் இருப்பது இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில். மழைக்குக் குறைவில்லாத ஊர். துணிக்கூரை போட்ட இரண்டு சீட் கார் ஒன்றை ஆறு வருடங்களாக வைத்திருக்கிறேன். வாங்கிய முதல் குளிர்காலத்தில் எனக்கும் இதே ஈரம், இதே சத்தம். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். உங்களிடம் சொன்னதைத்தான் என்னிடமும் சொன்னார்கள்: கூரை போய்விட்டது, மாற்றுங்கள். அவ்வளவு பணத்தைப் போடும் முன் இரண்டு சனிக்கிழமைகளை இதற்கென்று ஒதுக்கினேன். அதே கூரைதான் இன்னும் காரில் இருக்கிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். துணிக்கூரைக் காரில் தண்ணீர் ஒரு சொட்டுகூட ஓரத்து ரப்பரைத் தாண்டக் கூடாது என்று யாரும் வடிவமைப்பதில்லை. கொஞ்சம் தாண்டத்தான் செய்யும். அந்தத் தண்ணீரைப் பிடித்து வெளியே அனுப்ப ஒரு வழி வைத்திருப்பார்கள். கூரைத் துணி பெரும்பாலும் மூன்று அடுக்கு: மேலே நெய்த துணி, நடுவில் ரப்பர், உள்ளே லைனிங். நடுவில் ரப்பர் இருப்பதால் தையலும் மடிப்பும் நன்றாக இருக்கும்வரை தண்ணீர் அவ்வளவு எளிதில் ஊடுருவாது. கூரையில் விழும் மழை பின்பக்கமாக வழிந்து, பின்கண்ணாடிக்குக் கீழே துணி முடியும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாழ்வாரத்தில் இறங்கும். நம் ஊர் ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் தகரக் குழாய் வைத்து மழைத் தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுபோவோமே, அதே யோசனைதான். அங்கிருந்து இடமும் வலமும் ஒவ்வொரு குழாய் வழியாக இறங்கி, காருக்கு அடியில் போய்ச் சேரும்.

1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 இதற்கு நல்ல உதாரணம். அதில் குழாயின் வாய் சீட்டுக்குப் பின்னால், சீட் பெல்ட் ஏறும் தூணின் அருகே இருக்கும். தண்ணீர் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் வெளியேறும். இலைச்சருகு, பாசி, ஊசியிலை, கூரைத் துணியின் பஞ்சு எல்லாம் சேர்ந்து அந்த வாயை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே ததும்பும். காரை முன்பக்கம் தாழ்வான சரிவில் நிறுத்தினால் அது கார்ப்பெட்டுக்கு அடியிலேயே ஓடி முன்னால் வந்து தேங்கும். ஈரம் தெரியும் இடத்தையும் தண்ணீர் நுழையும் இடத்தையும் ஒன்றாக நினைப்பதால்தான் பலர் தப்பான இடத்தில் சீலன்ட் (இடைவெளி அடைக்கும் பசை) பூசிக்கொண்டே இருக்கிறார்கள்.

அடைப்பை நீக்குவது சுலபம், ஆனால் பொறுமை வேண்டும். கூரையைப் பாதி திறந்து, டார்ச் அடித்து, குழாயின் வாயைத் தேடுங்கள். மேலே கிடக்கும் குப்பையைக் கையால் அள்ளுங்கள், உள்ளே தள்ளாதீர்கள். அப்புறம் புல் வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் கம்பியை வளைத்து, மெதுவாகச் சுழற்றிச் சுழற்றி இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் குழாய் கிழியும். கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடித்தால் குழாய் அடியில் இணைப்பிலிருந்து கழன்றுகொள்ளும். அப்படிக் கழன்றுவிட்டால் பிறகு ஒவ்வொரு மழையும் நேராகக் காரின் உடல் தகட்டுக்குள்தான் போகும், அது அடைப்பைவிட மோசம். வழி திறந்ததும் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். காருக்கு அடியில் அதே வேகத்தில் கொட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஊற்றி ஒப்பிட்டுப் பாருங்கள். என் காரில் வலது பக்கம் கடகடவென்று இறங்கியது, இடது பக்கம் ஊற்றியது ஊற்றியபடியே நின்றது. கம்பியை விட்டதும் ஒரு கைப்பிடி கறுப்புச் சேறு வந்தது. அன்றோடு சளசளப்பு நின்றது.

இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தேங்கும் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள தகட்டுப் பெட்டியை உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயின்ட் குமிழ் விடும்போது உள்ளே பாதி போயிருக்கும். கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் பிரிட்டனின் எம்ஓடி சோதனையில் சீட் பெல்ட், சஸ்பென்ஷன் பொருத்தும் இடங்களுக்கு 30 செ.மீ. தூரத்துக்குள் தகட்டின் பலம் போகும் அளவுக்குத் துரு இருந்தால் கார் தேறாது, வெல்டிங் செய்தாக வேண்டும். பிஎம்டபிள்யூ இசட்4-இன் முதல் தலைமுறையில் கூரையைத் தூக்கும் மோட்டார் இந்த வடிகால் குழியிலேயே உட்கார்ந்திருக்கிறது, அடைத்தால் மோட்டார் மூழ்கும். முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரில் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) பெட்டி சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அது நனைந்தால் கார் கிளம்பாமலே போகலாம்.

வடிகால் சரியான பிறகும் எனக்கு ஒரு சின்ன ஈரம் மிச்சமிருந்தது. அதற்குத்தான் ஹோஸ் சோதனை. உள்ளே எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்துவிட்டு, ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார வேண்டும். எனக்கு என் மகள் உட்கார்ந்தாள், அப்போது அவளுக்குப் பத்து வயது, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைக்க அவளால்தான் முடிந்தது. சந்தேகப்படும் ஓரங்களில் டிஷ்யூ பேப்பர் செருகி வையுங்கள், ஒரு சொட்டு பட்டாலும் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். வெளியே ஹோஸில் நாசில் வேண்டாம். தண்ணீர் மழை போல வழிந்தால் போதும். பிரஷர் வாஷர் அடித்தால் நல்ல ரப்பரிலும் தண்ணீர் புகும், தப்பான முடிவுக்கு வருவீர்கள். கீழிருந்து ஆரம்பியுங்கள்: முதலில் கதவின் அடிப்பகுதி, பிறகு கண்ணாடி ஓரம், கடைசியாகக் கூரை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனையும், எது காரணம் என்று தெரியாது.

நான் கதவில் ஊற்றிய நாலாவது நிமிடம் "அப்பா, ஸ்பீக்கருக்குக் கீழே சொட்டுது!" என்று குரல் வந்தது. ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வழியும் மழை எல்லாக் கார்களிலும் கதவுக்குள் இறங்கும், கதவின் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியே போகும். உள் அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பார்கள், அதுதான் தடுப்பு. எனக்கு முன் காரை வைத்திருந்தவர்கள் யாரோ ஸ்பீக்கர் மாற்றியபோது அதைக் கிழித்து அப்படியே விட்டிருந்தார்கள். புது பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாத ஒட்டும் ரப்பர் பட்டை) போட்டு ஒட்டினேன், ஒரு மணி நேர வேலை.

முன்கண்ணாடித் தூணின் மேல் மூலையில் சொட்டினால் வேறு கதை. அங்கே கூரை ரப்பரும் கண்ணாடி ரப்பரும் சந்திக்கின்றன. பீடிங்குக்கும் (அந்த ஓரத்து ரப்பருக்கும்) கண்ணாடிக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தாராளமாக வந்துவிட்டால் அங்கே அழுத்தம் போதவில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு ஒழுக ஆரம்பித்திருந்தால், கண்ணாடி தன் உச்ச நிலையை மறந்திருக்கலாம். பல கார்களில் கதவைத் திறக்கும்போது கண்ணாடி சற்று இறங்கி, மூடியதும் ஏறி ரப்பருக்குள் உட்காரும். அது மறந்துவிட்டால் பட்டனை மேலே இழுத்துச் சில விநாடிகள் பிடித்து மறுபடி பழக்க வேண்டும், முறை உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். பீடிங்கை மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். வாஸ்லைன் வேண்டவே வேண்டாம். கார் பீடிங்குகள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும்.

மழையே இல்லாத நாளிலும் ஈரம் வந்தால் கூரையை விட்டுவிடுங்கள். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். இனிப்பு வாடையும் கண்ணாடியில் பிசுபிசுப்பும் இருந்தால் ஹீட்டரில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது. டிக்கி நனைந்தால் பின்விளக்குகளின் கேஸ்கெட்டை (விளக்கைச் சுற்றியுள்ள ரப்பரை) பாருங்கள்.

கசிவு நின்றதும் காரை உலர்த்துவது தனி வேலை, இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கார்ப்பெட்டின் மேற்புறம் காய்ந்ததுபோல் இருக்கும், அடியில் உள்ள ஸ்பாஞ்ச் வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சீட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் முதலில் பேட்டரியைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருங்கள், அடியில் ஏர்பேக் ஒயர் இருக்கும். ஈரம் உறிஞ்சும் வேக்குவத்தால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு இழுத்துவிட்டு, கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் மரக்கட்டை கொடுத்து, ஜன்னல்களை மூடி டிஹியூமிடிஃபையரை (காற்றின் ஈரத்தை இழுக்கும் கருவியை) ஓடவிடுங்கள். எனக்கு மூன்று நாள் ஆனது. ஸ்பாஞ்சை விரலால் அமுக்கிப் பார்த்து, ஈரம் துளியும் இல்லை என்று தெரிந்த பிறகே சீட்டை மாட்டினேன்.

இந்த வாரக் கடைசியில் முதலில் அந்த அரை லிட்டர் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் நிற்கிறது என்று இங்கே எழுதினால், அடுத்து எங்கே பார்க்கலாம் என்று சொல்கிறேன்.