ஸ்பைவேர் கணினிக்குள் எப்படி வருகிறது? ஃபார்மட் செய்யாமல் எடுக்க முடியுமா?

குரோமில் எதைத் தேடினாலும் வேறு தளத்துக்குப் போகிறது, எக்ஸ்டென்ஷனை நீக்கினாலும் மறுநாள் திரும்பி வருகிறது, ஃபார்மட் செய்துதான் ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இது ஸ்பைவேராக, அதாவது நமக்குத் தெரியாமல் கணினிக்குள் புகுந்து உளவு பார்க்கும் மென்பொருளாக இருக்கலாம். பெரும்பாலும் ஃபார்மட் இல்லாமலே எடுத்துவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அது ஏன் என்று புரிய, தென்காசியில் டிடிபி கடை வைத்திருக்கும் என் மச்சினன் கதையைச் சொல்கிறேன்.

ஒரு வாடிக்கையாளர் பிடிஎஃப் ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணே, இதுல நாலு வரி மட்டும் மாத்திக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். இவன் இலவச பிடிஎஃப் எடிட்டர் தேடி, மேலேயே வந்த விளம்பர லிங்க்கைத் தட்டினான். ஒரு ஜிப் ஃபைல் இறங்கியது. திறக்கப் பாஸ்வேர்ட் 1234 என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருந்தது. உள்ளே ஒரு நோட்பேட் குறிப்பு: இன்ஸ்டால் செய்யும் முன் ஆண்ட்டிவைரஸை அணைத்து வைக்கவும்.

ஊருக்கே தெரிகிற மாதிரி பாஸ்வேர்டை எழுதி வைத்துவிட்டு எதற்கு ஒரு பூட்டு? பூட்டிய ஜிப்புக்குள் ஆண்ட்டிவைரஸால் எட்டிப் பார்க்க முடியாது, அதற்குத்தான். உள்ளே இருந்த ஃபைல் 700 எம்பிக்கு மேல். அதில் பெரும்பகுதி வெறும் பூஜ்யங்கள். அளவு பெரிதாக இருந்தால் பல ஸ்கேனர்கள் பார்க்காமல் விட்டுவிடும் என்பதால் இப்படி ஊதி வைப்பார்கள்.

டபுள் கிளிக் செய்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஃபைல் கரப்ட் போல என்று நினைத்து டீ குடிக்கப் போய்விட்டான்.

நடக்க வேண்டியது அதற்குள் நடந்து முடிந்திருந்தது. இப்போது அதிகம் புழக்கத்தில் இருக்கும் ஸ்பைவேர் வகையை இன்ஃபோஸ்டீலர், அதாவது தகவல் திருடி என்பார்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், குக்கீகள், டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஃபைல்கள் என எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஒரு நிமிடத்துக்குள் அனுப்பிவிடும். சில, வேலை முடிந்ததும் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். 2000களின் தொடக்கத்தில் பாட்டு, படம் இறக்க கஸா என்ற மென்பொருளைப் போட்டால் கூடவே கேட்டர் என்று இன்னொன்று வந்து விளம்பரமாகக் கொட்டும், ஊதா நிறக் குரங்கு ஒன்று திரையில் குதிக்கும். தொல்லைதான், ஆனால் வந்திருக்கிறது என்று தெரியும். இப்போது வருபவை சத்தமே போடுவதில்லை. லும்மா என்ற ஸ்டீலர் 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை, இரண்டே மாதத்தில் 3,94,000க்கும் அதிகமான விண்டோஸ் கணினிகளில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அந்த மே மாதத்தில்தான் நீதிமன்ற உத்தரவு வாங்கி அதன் சுமார் 2,300 டொமைன்களை முடக்கினார்கள்.

வரும் வழிகளில் மச்சினனுடையதுதான் மிகச் சாதாரணமானது. விண்டோஸுக்கும் ஆஃபீஸுக்கும் போடும் 'ஆக்டிவேட்டர்', கேம் கிராக் எல்லாம் இதே வகையறா. ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், அது பழைய வழி. புதிதாக ஒன்று: 'நான் ரோபோ அல்ல' என்று ஒரு பெட்டி வரும். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்து, கன்ட்ரோல் வி அழுத்து, என்டர் தட்டு என்று சொல்லும். நிஜமான கேப்சா எதுவும் அப்படிக் கேட்காது. நீங்கள் அந்தப் பக்கத்தில் கிளிக் செய்தபோதே கட்டளையை காப்பி செய்து வைத்திருப்பார்கள். அதை உங்கள் கையாலேயே ஓட்ட வைப்பதுதான் இந்த வித்தை.

சரி, எடுப்பது எப்படி? முதலில் கணினியின் வைஃபையை அணையுங்கள். அப்புறம் அந்தக் கணினியைத் தொடாமல், உங்கள் போனிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை என்று நான் சொன்னது இதுதான். பாதிக்கப்பட்ட கணினியிலேயே உட்கார்ந்து மாற்றினால் புதியதும் அவர்களுக்கே போய்ச் சேரலாம். பாஸ்வேர்டை மாற்றியதோடு நிறுத்தாமல் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் கொடுங்கள். தீம் பார்க்கில் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்களே, நீங்கள் லாகின் செய்ததும் தளம் பிரவுசரில் வைக்கும் குக்கீ அந்தப் பட்டை மாதிரி. அதைக் கட்டிக்கொண்டு வருகிறவனிடம் யாரும் பாஸ்வேர்டும் கேட்க மாட்டார்கள், ஓடிபியும் கேட்க மாட்டார்கள். மச்சினன் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் கிரிப்டோ விளம்பரம் ஓடியது இப்படித்தான். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டிருந்தும் ஓடியது. மெயிலுக்குள் போய் ஃபார்வர்டிங், ரெகவரி எண் இரண்டையும் ஒரு முறை பாருங்கள். தெரியாத முகவரி எதுவும் இருந்தால் எடுத்துவிடுங்கள். பாங்க் கணக்கில் பணம் போயிருந்தால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் எக்ஸ்டென்ஷனுக்கு வருவோம். நீக்கியும் திரும்ப வருகிறது என்றால் அதைத் திரும்பக் கொண்டுவருவது வேறு ஏதோ ஒன்று. குரோம் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று இருக்கிறதா? வீட்டுக் கணினியில் பொதுவாக அப்படி இருக்காது. அலுவலகக் கணினிகளில் போடுவது மாதிரி யாரோ ஒரு பாலிசி (கட்டாய விதி) போட்டு அந்த எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக்கியிருக்கலாம். அடுத்தது சிங்க். கணினியில் நீக்கியதை கூகுள் கணக்கு மறுபடி இறக்கிவிடலாம், சுத்தம் செய்து முடியும்வரை அதை நிறுத்தி வையுங்கள். மூன்றாவது, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர், இதைத்தான் பலரும் திறந்தே பார்ப்பதில்லை. மணிக்கொரு தரம் பவர்ஷெல்லை (கட்டளைகளை ஓட்டும் விண்டோஸ் கருவி) கூப்பிடும் வேலையோ, ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும் வாயில் நுழையாத பெயருள்ள ஃபைலை ஓட்டும் வேலையோ இருந்தால் சந்தேகப்படுங்கள். பெயரை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு அழியுங்கள்.

ஸ்கேன் செய்ய விண்டோஸோடு வரும் டிஃபென்டரே போதும். ஆனால் ஓட்டுவதற்கு முன் அதன் செட்டிங்ஸில் எக்ஸ்க்ளூஷன்ஸ், அதாவது ஸ்கேன் செய்யாமல் விட வேண்டியவற்றின் பட்டியலைத் திறந்து பாருங்கள். மச்சினன் கணினியில் அங்கே ஒரே ஒரு வரி இருந்தது: சி டிரைவ். வீடு முழுவதையும் பார்க்காதே என்று வாட்ச்மேனிடமே சொல்லி வைத்திருக்கிறார்கள்! நான் வருவதற்குள் இரண்டு நாளாக ஸ்கேன் ஓட்டி 'அச்சுறுத்தல் எதுவும் இல்லை' என்று பார்த்து அவன் நிம்மதியாக இருந்தான். அந்த வரியை நீக்கிவிட்டு ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே தேடும், கால் மணி நேரம் போல ஆகும். அப்புறம் பிரவுசர் குப்பைக்கு மால்வேர்பைட்ஸின் ஆட்வ்கிளீனர், அவர்கள் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். கிளீனர் என்று தேடி, மேலே வரும் விளம்பரத்தைத் தட்டிவிடாதீர்கள். மச்சினன் செய்ததும் அதைத்தான்.

திரையின் மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று துள்ளிக்கொண்டே இருப்பது வைரஸ் இல்லாமலும் இருக்கலாம். என்றோ ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருப்பீர்கள். குரோம் செட்டிங்ஸில் அதை நீக்கினால் அத்தோடு முடிந்தது.

உங்கள் விஷயம் பிரவுசரோடு நின்றால் இவ்வளவு போதும். ஸ்டீலர் ஓடியது உறுதி என்றால் நானாக இருந்தால் ஃபார்மட்தான், வேறு என்னென்ன விட்டுப் போயிருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க மாட்டேன். போட்டோ, டாக்குமென்ட் எல்லாம் எடுத்துக்கொள்ளலாம். மென்பொருளை ஓட்டும் இஎக்ஸ்இ (.exe) ஃபைல் ஒன்றுகூட வேண்டாம். விண்டோஸ் பென்டிரைவை வேறு நல்ல கணினியில் தயார் செய்யுங்கள், 8 ஜிபி போதும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது, கணினி தாங்குமானால் கையோடு 11 போட்டுவிடுங்கள்.

மச்சினன் கணினியையும் ஃபார்மட்தான் செய்தோம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. அந்த நாலு வரியை அன்று சாயங்காலம் வேர்டிலேயே மாற்றிக் கொடுத்தேன். 2013 பதிப்பிலிருந்தே வேர்ட் பிடிஎஃபைத் திறக்கும். அது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.